பி.பி. மேஜையில் ஒரு டார்ச் லைட்: வடசென்னை முகாம் நண்பர்களுக்குத் திறந்த மடல்

திருவொற்றியூர் தேரடியிலிருந்து மூலக்கொத்தளம் வரை, ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்காவது ஒரு சாமியானா போட்டு இலவச மருத்துவ முகாம் நடத்தும் மன்றத்து நண்பர்களுக்கும், கால்பந்து கிளப் தம்பிகளுக்கும், குடியிருப்போர் சங்கத்து அண்ணன்மார்களுக்கும், கோயில், சர்ச், பள்ளிவாசல் கமிட்டிக்காரர்களுக்கும் வணக்கம்.

நான் தண்டையார்பேட்டையில் 22 வருஷமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறவன். உங்களில் பாதிப் பேர் முகாமுக்கு நன்கொடை கேட்டு என் கடைக்கு வந்திருக்கிறீர்கள். பஞ்சு, ஸ்பிரிட், சுகர் ஸ்ட்ரிப் என்று என்னால் முடிந்ததைக் கொடுத்தும் இருக்கிறேன். அந்த உரிமையில்தான், முகாமில் ஈறையும் இதயத்தையும் சேர்த்துப் பாருங்கள் என்று கேட்டு எழுதுகிறேன். குறை சொல்வது போலத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் குறை என்மேல்தான், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்கழி ராத்திரி. பத்து மணி இருக்கும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கும் ஒருவர் குனிந்து உள்ளே வந்தார். பழைய வாடிக்கையாளர். பல வருஷமாக ஈறு வீக்கம் அவருக்கு. மாதம் ஒரு தடவையாவது ஈறில் தடவும் கம் பெயிண்ட் வாங்குவார். அன்றைக்கு இடது பக்கக் கீழ்த்தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு, "பல்லு கொல்லுதுணே, எதனா குடு" என்றார். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. லோடு இறக்கிவிட்டு வருகிறார், வியர்க்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். மார்கழிக் குளிரில் அது என்ன வியர்வை என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு கிராம்பு எண்ணெய் பாட்டிலும் டைக்ளோஃபெனாக் என்கிற வலி மாத்திரை இரண்டும் கொடுத்து அனுப்பினேன்.

ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சு அடைத்து, ஆட்டோவில் தூக்கிப் போயிருக்கிறார்கள். மாரடைப்பு. நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார், அடைத்த ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். நாற்பது நாள் கழித்துக் கடைக்கு வந்தவர், சீல் கூட உடைக்காத அந்தக் கிராம்பு எண்ணெய் பாட்டிலைக் கவுன்டர்மேல் வைத்தார். "இத்த எடுத்துக்கினு காசைத் திருப்பிக் குடுணே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காசைக் கொடுத்தேன். பாட்டில் இன்னும் என் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

மாரடைப்பு வலி தாடைக்கும் பல்லுக்கும் ஏறும் என்பது எந்த மருத்துவப் புத்தகத்திலும் இருக்கிற விஷயம். எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஈறு கெட்ட வாய் என்று முன்பே தெரிந்திருந்ததால், வந்த வலியை அந்தக் கணக்கில் எழுதிவிட்டேன். அதற்கு அப்புறம்தான் என் கவுன்டரில் விற்கிற சாமான்களை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். ஒரே கவரில் பி.பி. மாத்திரையும் கம் பெயிண்ட்டும் போகிறது. ஒரே ஆள் இன்சுலினும் பல்வலி மாத்திரையும் வாங்குகிறார். உங்கள் முகாமில் இவை இரண்டும் இரண்டு மேஜை. இன்னும் சரியாகச் சொன்னால், பல்லுக்குப் பெரும்பாலும் மேஜையே கிடையாது. இருந்தாலும் கடைசியில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

ஈறு நோய் என்றால் என்ன என்று இரண்டு வார்த்தை. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் தினமும் ஒரு வழவழப்பான கிருமிப் படலம் படிகிறது. துலக்காமல் விட்டால் சில நாளிலேயே எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கல்லாகிவிடும். காரை என்கிறோமே, அதுதான். அதன்மேல் இன்னும் கிருமி. ஈறு சிவந்து, தொட்டால் ரத்தம் வரும். இந்தக் கட்டத்தில் கவனித்தால் பழையபடி ஆகிவிடும். விட்டுவிட்டால் ஈறு பல்லை விட்டு விலகும், நடுவில் பை மாதிரி ஓர் இடுக்கு உண்டாகும், அடியில் இருக்கும் எலும்பு கரைய ஆரம்பிக்கும். நல்ல ஈறில் அந்த இடுக்கின் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். நோய் முற்றியவர்களுக்கு ஆறு, ஏழு என்று போகும். வாய் முழுக்க இருக்கிற இந்தப் பைகளின் உட்புறத்தைக் கூட்டிப் பார்த்தால் பல சதுர சென்டிமீட்டர் வரும். அவ்வளவு பெரிய புண் காலில் இருந்தால் சும்மா விடுவோமா? வாய்க்குள் இருக்கிறது, பெரும்பாலும் வலிக்காது, அதனால் விட்டுவிடுகிறோம். பழைய ஆட்கள் இதைத்தான் பயோரியா என்பார்கள். பல்பொடி டப்பாவில் அந்தப் பேரைப் பார்த்திருப்பீர்கள்.

இதற்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? 1989-ல் ஃபின்லாந்து மருத்துவர்கள் மாரடைப்பு வந்த 100 பேரின் வாயையும், வராத 102 பேரின் வாயையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாரடைப்பு வந்தவர்களின் வாய் நிலைமை மோசமாக இருந்தது. வயது, புகை, கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் நின்றது. அதற்குப் பிறகு நிறைய ஆராய்ச்சி. ஈறுப் பையில் குடியிருக்கும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்கிற கிருமியின் தடயம், இதய ரத்தக்குழாயை அடைக்கும் கொழுப்புப் படிவுக்குள்ளேயே கிடைத்திருக்கிறது. ஈறு கெட்டவர்கள் மெல்லும்போதும் துலக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிருமி ரத்தத்தில் கலக்கிறது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவும் அவர்கள் ரத்தத்தில் கூடுதலாக இருக்கிறது. இப்படி வருஷக் கணக்கில் உள்ளே புகைந்துகொண்டே இருந்தால் ரத்தக்குழாயின் உள்சுவர் கெடும் என்பது மருத்துவர்களின் கணிப்பு.

2007-ல் வந்த ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தமானது. ஈறு நோய் முற்றிய 120 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு ஈறைத் தீவிரமாகச் சுத்தம் செய்தார்கள். மறுநாள் பார்த்தால் அவர்களுடைய ரத்தக்குழாய் விரியும் தன்மை முன்பைவிட மோசம்! கிளறிவிட்டதால் அழற்சி ஏறியிருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மற்ற பாதிப் பேரைவிட நன்றாக இருந்தது. ரத்தக்குழாய் தேறியது, அவ்வளவுதான் அந்த ஆய்வு சொன்னது. மாரடைப்பு குறைந்தது என்று சொல்லவில்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் ஃபிளெக்ஸ் பேனர்களை எனக்குத் தெரியும். நான் இதை எழுதியதும் யாராவது ஒரு தம்பி "பல்லைக் காத்தால் மாரடைப்பு வராது!" என்று பத்துக்கு எட்டில் அச்சடித்து மேம்பாலத்துக்குக் கீழே கட்டிவிடுவான். வேண்டாம். 2012-ல் அமெரிக்க இதயச் சங்கம் இருந்த ஆய்வுகளை எல்லாம் அலசிவிட்டு ஓர் அறிக்கை விட்டது. இரண்டுக்கும் தொடர்பு இருப்பது உண்மை, ஆனால் ஈறு நோய்தான் இதய நோயை உண்டாக்குகிறது என்றோ, ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பு தடுக்கப்படும் என்றோ நிரூபணம் இல்லை என்றார்கள். பீடி இரண்டையும் கெடுக்கும். சர்க்கரை நோய் இரண்டையும் கெடுக்கும். போதாததற்கு, ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் வருவது கஷ்டம். சர்க்கரை ஏறினால் ஈறு இன்னும் கெடும். யார் யாரைக் கெடுத்தார் என்று பிரிப்பது ஆராய்ச்சிக்காரர்கள் பாடு. நமக்கு வேண்டிய சேதி இதுதான்: ஈறு கெட்ட ஆளுக்கு பி.பி.யும் சுகரும் இதயமும் பார்த்தாக வேண்டும்; இதயக்காரருக்கும் சுகர்க்காரருக்கும் ஈறு பார்த்தாக வேண்டும். அவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில், உங்கள் சாமியானாவுக்குக் கீழேதான் நிற்கிறார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் சந்தேகமே கிடையாது, அது இதய வால்வு. சின்ன வயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டவர்கள் நம் தெருக்களில் நிறையப் பேர், அதிலும் பெண்கள். வாய்க் கிருமி ரத்தத்தில் கலந்து இப்படிப்பட்ட வால்விலோ செயற்கை வால்விலோ போய் உட்கார்ந்தால் உயிருக்கே ஆபத்தான தொற்று வரும். அதனால்தான் வால்வு ஆபரேஷனுக்கு முன்னால் பல் டாக்டரிடம் அனுப்பி, வாய் சுத்தம் என்று எழுதி வாங்கிவரச் சொல்கிறார்கள். செயற்கை வால்வு வைத்தவர்கள், இந்தத் தொற்று முன்பே வந்தவர்கள், பிறவியிலேயே சில வகை இதயக் கோளாறு உள்ளவர்கள், இவர்களுக்கு ஈறைக் கிளறும் சிகிச்சைக்கு முன்னால் ஒரு வேளை ஆன்ட்டிபயாட்டிக் கொடுப்பது வழக்கம். அவர்கள் பல் டாக்டரிடம் போனதும் முதலில் சொல்ல வேண்டியது வால்வு கதையை. "பல்லுக்குத்தானே வந்தேன், நெஞ்சைப் பத்தி எதுக்குச் சொல்லணும்" என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இனி கவுன்டர் கதை. டாக்டர்களுக்குத் தெரியாமல் எங்களுக்கு மட்டும் தெரிகிற கதை இது.

எண்ணூர் பஸ்ஸில் மீன் கூடையோடு வரும் ஓர் அக்கா. வீடு தேடி வந்து பி.பி. மாத்திரை கொடுக்கிறார்கள், 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேருக்கு அது பெரிய நிம்மதி. அக்காவுக்குக் கிடைத்தது அம்லோடிபின். நல்ல மாத்திரை, உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் போடுவது. ஆனால் சிலருக்கு, முக்கியமாக வாய் சுத்தம் இல்லாதவர்களுக்கு, ஈறு வளர்ந்துவிடும். அக்கா ஒரு நாள் வாயைத் திறந்து காட்டினார். முன்பற்களுக்கு நடுவில் ஈறு பட்டாணி பட்டாணியாகப் பிதுங்கிப் பல்லைப் பாதி மூடியிருந்தது. "உடம்புச் சூடு தம்பி" என்றார். பக்கத்துக் கடைக்காரம்மா "மாத்திரையாலதான்" என்று சொல்ல, தானே நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் ஒரு முகாமில் பார்த்தால் பி.பி. 190-க்கு 110. "ஏம்மா மாத்திரை போடல?" என்று மேஜையில் இருந்தவர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறார். ஏன் என்று உண்மையிலேயே கேட்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லவும் இல்லை. எந்த முகாம் என்று எழுத மாட்டேன், நடத்தியவர் இதைப் படிப்பார். பிறகு டாக்டர் மாத்திரையை மாற்றி, ஈறைச் சுத்தம் செய்து, சில மாதத்தில் வீக்கம் வற்றியது. இப்போதும் அதே பஸ்ஸில்தான் வருகிறார்.

அடுத்தது வலி மாத்திரை. ஈறு வலிக்கு எங்கள் ஏரியாவில் டைக்ளோஃபெனாக் மிட்டாய் மாதிரி போகிறது. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கொடுத்திருக்கிறோம், ஒத்துக்கொள்கிறேன். அது பி.பி.யை ஏற்றும், இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு அபாயத்தையும் கூட்டும். இதய நோய் உள்ளவர்கள் அதை எடுக்கவே கூடாது என்று 2013-லேயே ஐரோப்பிய மருந்து ஆணையம் சொல்லிவிட்டது. ஈறைச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் ஒதுக்காமல் வருஷம் முழுக்க இந்த மாத்திரையில் ஓட்டுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். ஈறிலிருந்து இதயத்துக்குப் போகிற இந்தக் குறுக்குவழிக்கு ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், என் பில் புத்தகம் போதும். அப்புறம் மெட்ரோனிடசோல். ஈறு வீக்கத்துக்கு "அந்த மஞ்சள் மாத்திரை" என்று தானாகவே கேட்டு வாங்குவார்கள். வால்வு வைத்து, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் போடுகிறவர் இதைச் சேர்த்துப் போட்டால் ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துவிடும். எங்காவது கசிய ஆரம்பித்தால் நிற்காது. எதிர்ப்பக்கமும் நடக்கிறது. பல் பிடுங்கப் போகிறோம் என்று ஸ்டென்ட் வைத்தவர், ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் தானே நிறுத்திவிடுவார். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, மக்கள் ஏன் பல் டாக்டரிடம் போவதில்லை? காசு ஒரு காரணம். கிளீனிங் செய்யத் தனியார் கிளினிக்கில் கேட்கும் தொகை கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டும். அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, 1953-லிருந்து இருக்கிறது. கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறி பீச்சில் மாறினால் அடுத்த ஸ்டேஷன். ஆனாலும் ஒரு நாள் வேலை போகும், மறுபடி வரச் சொன்னால் இன்னொரு நாள். காசைவிடப் பெரிய காரணம் பயம். "கிளீன் பண்ணா பல்லு ஆடும்", "மேல் பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடும்". இதில் கண் கதை வெறும் கதை. ஆடுவது மட்டும் பாதி உண்மை, அதனால்தான் அதை அழிக்க முடியவில்லை. எலும்பு ஏற்கெனவே கரைந்துவிட்ட வாயில் பற்களைக் காரைதான் சிமென்ட் மாதிரி ஒட்டிப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் பல் லேசாக ஆடுவது தெரியும். காரையை எடுத்ததால் ஆடவில்லை, காரை மறைத்துக்கொண்டிருந்தது தெரிந்துவிட்டது. இதை யாராவது நின்று நிதானமாகச் சொன்னால் நம் ஜனங்கள் புரிந்துகொள்வார்கள். நான் கவுன்டரில் சொல்கிறேன், பின்னால் நிற்கிறவர் "சீக்கிரம் பா" என்பார்.

இன்னொன்று, வாயில் அடக்கும் புகையிலை, அதாவது ஹான்ஸும் மாவாவும். 2013-ல் குட்காவுக்குத் தடை போட்டார்கள். பெட்டிக்கடையில் கிடைக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். புகையிலைக்காரர்கள், பீடிக்காரர்கள், மூக்குப்பொடியை ஈறில் அடக்கும் நம் ஆயாக்கள், எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "எனக்கு ஈறுல ரத்தமே வராதே". நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடுவதால் பீடி பிடிக்கிறவருக்கு அடியில் எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் மேலே ரத்தம் காட்டாது. உங்கள் முகாமில் "ஈறில் ரத்தம் வருகிறதா?" என்று மட்டும் கேட்டு டிக் அடித்தால் பார்க்க வேண்டிய ஆளே நழுவிப் போய்விடுவார்.

இப்போது நான் கேட்பது. பெரிய செலவு இல்லை. பி.பி. பார்க்கும் மேஜையிலேயே, அதே வரிசையில், ஒரு பல் டாக்டரை உட்கார வையுங்கள். அவர் கையில் ஒரு நல்ல டார்ச், கிருமிநீக்கிய வாய்க்கண்ணாடி, ஈறுப் பையின் ஆழம் அளக்கும் சின்னக் கம்பி. பி.பி. பட்டையைக் கையில் சுற்றிக் காற்று ஏற்றி இறக்குகிற நேரத்துக்குள் வாய் பார்த்து முடித்துவிடலாம். அரசுத் திட்டத்திலேயே 30 வயதைத் தாண்டியவர்களுக்கு பி.பி., சுகரோடு வாய்ப் புற்றுநோய்க்கும் பரிசோதனை உண்டு. உங்கள் முகாமிலும் சில இடத்தில் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். வாய் திறந்துதானே இருக்கிறது, இரண்டு அங்குலம் தள்ளி ஈறையும் பார்த்துவிடலாம்.

முகாமிலேயே கிளீனிங் செய்கிறேன் என்று இறங்காதீர்கள். சாமியானாவுக்குக் கீழே, ஒரு பக்கெட் தண்ணீரில் கருவியைக் கழுவிக் கழுவி நாற்பது பேருக்குச் செய்வதைப் பார்த்திருக்கிறேன், வயிறு கலங்கியது. சீட்டு எழுதிக் கொடுங்கள் போதும். அந்தச் சீட்டில் பி.பி. எவ்வளவு, சுகர் எவ்வளவு, என்ன மாத்திரை போடுகிறார், ஸ்டென்ட்டா, வால்வா, ஈறு எப்படி, எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பல் டாக்டரும் இதய டாக்டரும் ஒரே தாளைப் பார்ப்பார்கள். பத்து பத்துப் பேராகச் சேர்த்து, ஒரு வேன் வைத்து, வேலை இல்லாத நாளில் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கண் ஆபரேஷனுக்கு வேன் வைக்கிறோமே, அப்படி. காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், அப்போது கூப்பிடுங்கள்.

இலவசமாகக் கொடுக்கும் அந்தச் சின்ன பேஸ்ட் டியூப்புக்குப் பதிலாக ஒரு மென்மையான பிரஷ் கொடுங்கள். செங்கல்பொடியும் கரித்தூளும் கட்டைவிரலுமாகத் தேய்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல் வெள்ளையாகும், ஈறு தேய்ந்து இறங்கும். ராத்திரி துலக்கும் பழக்கம் எங்கள் பக்கம் குறைவு. லாரித் தண்ணீரைக் குடத்தில் எண்ணி எண்ணிச் செலவழிக்கிற வீட்டில் அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் போதும் என்று செய்து காட்டுங்கள்.

கடைசியாக, மைக் பிடிக்கும் தம்பிக்கு ஒரு வரி. தாடை வலியோடு வியர்வையோ, மூச்சுத் திணறலோ, இடது கை வலியோ இருந்தால் மெடிக்கல் ஷாப்புக்கு வராதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் இ.சி.ஜி. எடுங்கள் என்று ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள். 108 வரும். தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்குக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி பக்கம்தான். ஸ்டான்லி என்றால் சில பெரியவர்களுக்குப் புரியாது, அந்தப் பேரிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு எங்கள் தெரு முனையில் முகாம் என்று கேள்விப்பட்டேன். டார்ச்சும் பேட்டரியும் வாய்க்கண்ணாடியும் என் செலவு. மேஜைக்குக் கரண்ட் வேண்டுமென்றால் கடையிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளலாம். காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்திருக்கும். மைக் பிடிக்கும் தம்பி வந்தால், கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பாட்டிலை எடுத்துத் தருகிறேன். கையில் பிடித்துக் காட்டிப் பேசட்டும், முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை மெடிக்கல் ஷாப்காரன்